பதினாலு டன் கிரேனும் பதினாலு கொண்டை ஊசியும்

மே மாதம், பச்சை இலை குவிகிற நேரம் பார்த்து எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் இலையை உலர்த்தும் ட்ரையருக்குச் சூடுகாற்று கொடுக்கிற விறகு ஹீட்டரின் உள்சுவர் இடிந்து, வெளிக்கூடும் வளைந்துபோனது. குன்னூர் பக்கம் இருக்கிறோம். புதுக் கூட்டைக் கோயம்புத்தூரில் செய்து லாரியில் ஏற்றி வந்தது வரை ஒரு சிக்கலும் இல்லை. அதைத் தூக்கி உள்ளே வைக்க சக்கரத்தில் தானே ஓடுகிற ஹைட்ரா கிரேன் ஒன்று மலை ஏற வேண்டும், அதில்தான் ஆறு நாள் போனது.

முதல் தப்பு என்னுடையது. "ட்ரெய்லர்ல ஏத்தி விட்டுடறேன் சார், காலைல உங்க கேட்ல நிக்கும்" என்று புரோக்கர் சொன்னதை அப்படியே நம்பினேன். கல்லாறிலிருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவு என்பது எனக்குத் தெரியாதா என்ன? ட்ரெய்லர் டிரைவர் அடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு பைக்கில் போய் வளைவைப் பார்த்து வந்தார். "என் வண்டி திரும்பாதுங்க" என்று கிரேனை இறக்கிவிட்டுக் கிளம்பினார், முழு வாடகையோடு. ட்ரெய்லர் பேசும்போது நீளத்தைக் கேளுங்கள், டிரைவரிடமே கேளுங்கள்.

சரி, கிரேன் தானே ஓடி வரட்டும் என்று முடிவு செய்தோம். சீசனில் பகலில் கனரக வண்டியை விடமாட்டார்கள், அதனால் இரவு வரை காத்திருந்தோம். சோதனைச் சாவடியில் ஆர்சி புத்தகத்தைப் பார்த்தவர் 'கட்டுமான உபகரண வாகனம்' என்ற வரியில் விரலை வைத்து, பொக்லைன் அனுமதிக் கடிதம் எங்கே என்றார். நீலகிரியில் மண் அள்ளும் எந்திரத்துக்கு முன் அனுமதி வேண்டும், சரிதான். கொக்கி மட்டும் இருக்கிற கிரேனை வைத்து எந்த மண்ணை அள்ளுவது?

மறுநாள் ஒரு அலுவலகம். அது அவர்கள் செக்ஷன் இல்லையாம். அடுத்த அலுவலகத்தில் எழுத்தர் நிதானமாக, "கிரேனுக்குத் தனி ஃபார்ம் இல்ல சார், ஃபார்ம் இல்லாததுக்கு எப்படி அனுமதி குடுக்கறது?" என்றார். அனுமதி தேவையில்லை என்றாவது எழுதிக் கொடுங்கள் என்றால் அதற்கும் ஃபார்ம் இல்லை. நடுவில் சனி, ஞாயிறு. திங்கட்கிழமை, 'மண் தோண்டும் பணி எதுவும் இல்லை' என்று முதல் வரியிலேயே எழுதி, சர்வே எண், ஆர்சி நகல், பழைய ஹீட்டரின் படம் எல்லாம் சேர்த்து இரண்டு பிரதி கொடுத்து, ஒன்றில் பெறப்பட்டது என்று முத்திரை வாங்கினேன். அந்த முத்திரையைப் பார்த்ததும் சாவடியில் கம்பி தூக்கப்பட்டது. அனுமதி இன்றுவரை வரவில்லை!

ஹைட்ராவுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பூம், அதாவது சுமை தூக்கும் கை, டிரைவரின் பார்வையை மறைக்கும். டார்ச்சோடு ஒரு பையன் முன்னால் போக, வண்டி நடை வேகத்தில்தான் ஏறியது. வழியில் பர்லியாரில் பலா சீசன், பழம் தேடி வரும் யானைக்குப் பயந்து ஒரு மணி நேரம் நின்றோம். இன்னொன்று, 14 டன் ஹைட்ரா என்றால் பூமை உள்ளிழுத்து, சுமையைப் பக்கத்தில் வைத்துத் தூக்கும்போதுதான் 14 டன். பூமை நீட்ட நீட்ட அது மளமளவென்று குறையும். எங்கள் கூடு 4 டன்தான், பிழைத்தோம்.

உள்சுவருக்கான ஃபயர் பிரிக், அதாவது சூடு தாங்கும் செங்கல், வந்த லாரியில் தொந்தரவில்லை. மேட்டுப்பாளையத்தில் சின்ன வண்டிக்கு மாற்றினால் சரக்கோடு வரும் ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில்லில் வண்டி எண்ணையும் மாற்றிவிடுங்கள், அவ்வளவுதான். ஆனால் கல் ஆறு நாள் மழையில் கிடந்தது, தார்ப்பாய் போட்டும் ஈரம் ஏறிவிட்டது. போன நாட்களைப் பிடிக்கிற அவசரத்தில் கொத்தனார் சொல்லச் சொல்லக் கேட்காமல், அடுப்பு வாயில் காஸ்டபிள் (சூடு தாங்கும் கான்கிரீட்) போட்ட மறுநாளே முழு விறகைத் தள்ளிக் கொளுத்தினோம். மதியம் பட்டாசு போல ஒரு சத்தம். உள்ளே இருந்த தண்ணீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் உள்ளங்கை அகலத்துக்குச் சில்லு சில்லாகப் பெயர்த்துப் போட்டது.

உடைத்து மறுபடி போட்டோம். இந்த முறை ஒரு நாள் முழுக்கச் சும்மா விட்டு, சுள்ளி மட்டும் வைத்து 110 டிகிரியில் ஒரு ராத்திரி நிறுத்தி, அப்புறம் மணிக்கு 30 டிகிரியாக ஏற்றினோம். கொத்தனார் தூங்கவில்லை, என்னையும் தூங்க விடவில்லை. மூன்றாம் நாள் காலையில் முதல் கொழுந்து ட்ரையருக்குள் போனது.