அங்குசத்தோடு சங்கிலியும்

அங்குசத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். கூரான முனை, பக்கவாட்டில் ஒரு கொக்கி, மரப்பிடி. யானையின் தோலில் இது என்ன செய்யும் என்று யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சங்கிலியை யாரும் நின்று பார்ப்பதில்லை. துறைமுகத்தில் கிடக்கும் சங்கிலிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாமல் கடந்து போய்விடுவார்கள். இரண்டில் சர்க்கஸ் யானையை அதிகம் கெடுத்தது சங்கிலிதான் என்பது என் கட்சி. பொருளைக் கொடுத்த பெரியவரின் கட்சி வேறு.

எழுபதுகளில் இந்தியச் சர்க்கஸ் ஒன்றின் யானைக் கொட்டகையில் வேலை பார்த்தவர் அவர். இப்போது மகள் வீட்டோடு இங்கே சிங்கப்பூரில் இருக்கிறார். பயணச் சர்க்கஸ் பற்றிய அருங்காட்சியகக் காட்சிக்காக நாங்கள் இரவல் கேட்டது அங்குசத்தை மட்டும்தான். சாக்கில் சுற்றிய சங்கிலியும் சேர்ந்தே வந்தது.

"அங்குசத்த மட்டும் வெச்சா நான் என்னவோ கசாப்புக்காரன் மாதிரி தெரியும்மா. சங்கிலியையும் வைங்க. எப்படிப் பார்த்துக்கிட்டோம்னு சனங்களுக்குத் தெரியட்டும்."

"சரிங்கய்யா, வெச்சுடலாம்" என்றேன்.

அந்தச் 'சரி'யைத்தான் இன்னும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். சங்கிலி அவருக்குச் சாட்சி சொல்லும் என்று அவர் நம்பினார். எதிராகச் சொல்லும் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

அவர் நம்பியதில் நியாயம் இல்லாமல் இல்லை. யானையைக் கட்டுவதற்கு ஒரு முறை உண்டு. ஒரு முன்னங்கால், குறுக்கே எதிர்ப்பக்கத்துப் பின்னங்கால். இன்று இடது முன், வலது பின் என்றால் நாளைக் காலை வலது முன், இடது பின். ஒரே காலில் தொடர்ந்து கட்டினால் கணுக்காலைச் சுற்றித் தோல் காய்த்து, வெடித்து, ஈ மொய்த்துப் புண்ணாகும். வளையம் படும் இடத்தில் சாக்கையோ ரப்பர் குழாயையோ சுற்றுவார்கள். சாக்கு நனைந்தால் அதுவே தோலை அரித்துவிடும், மழைக்காலத்தில் ரப்பர்தான். சங்கிலிக்கு நீளம் அதிகம் விட்டால் காலில் சுற்றிச் சிக்கிக்கொள்ளும். குறைத்தால் படுக்க முடியாது. யானை இரவில் சில மணி நேரமாவது பக்கவாட்டில் சாய்ந்து படுத்தாக வேண்டும். தூங்காத யானையின் எரிச்சல் மறுநாள் பாகன் தலையில்தான் விடியும்.

முளை அடிப்பதும் இந்த ஊரில் லேசான காரியமில்லை. மதியம் வரை கெட்டியாக இருந்த மண் ஒரு மழையில் சேறாகிவிடும். காய்ந்த தரையில் பிடித்து நின்ற இரும்பு முளை, ஈரத்தில் யானை இழுக்க இழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும். தனித்தனி முளைக்குப் பதிலாக, தடித்த சங்கிலி ஒன்றைத் தரையோடு தரையாக நீட்டி, இரு முனையையும் பல முளைகளில் இறுக்கி, அதில் யானைகளை வரிசையாகக் கட்டுவது இதனால்தான். ஒரு முளை இளகினாலும் மற்றவை தாங்கும்.

அதைவிடப் பெரிய வேலை பாதம். ஆசிய யானைக்குப் பெரும்பாலும் முன்காலில் ஐந்து நகம், பின்காலில் நான்கு. காட்டில் நடந்தே தேய்கிற நகமும் உள்ளங்காலும் கொட்டகையில் தேய்வதில்லை. வளர்ந்த நகம் பக்கத்து நகத்தோடு உரசி வெடிக்கும். வெடிப்பில் சாணமும் மூத்திரமும் இறங்கினால் சீழ் வைக்கும். அரத்தால் நகத்தை ராவ வேண்டும், உள்ளங்காலில் தடித்த தோலைக் கத்தியால் சீவ வேண்டும், இடுக்கில் சிக்கிய கல்லைத் தோண்டி எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி தின்கிற விலங்கு, தின்றதில் பெரும்பகுதியை நின்ற இடத்திலேயே கழிக்கிறது. கட்டிப்போட்ட யானையால் அதைவிட்டு நாலடி ஒதுங்கி நிற்க முடியாது. தரையை அடிக்கடி கூட்டிக் கழுவிக் காயவிடாவிட்டால் அரமும் கத்தியும் என்ன செய்யும்? வளர்ப்பு யானைகளைக் கருணைக்கொலை செய்ய நேர்கிற காரணங்களில் பாதநோயும் மூட்டுவாதமும் முன்வரிசையில் இருப்பது இதனால்தான். பீப்பாய் மேல் ஒரு காலைத் தூக்கி வைக்கும் வித்தைக்கு நாம் கைதட்டினோம். நகம் ராவுவதற்கும் அதே நிலையில்தான் யானை நிற்க வேண்டும். கொட்டகைக்காரருக்கு வித்தையும் வைத்தியமும் ஒரே கட்டளை.

இவ்வளவையும் அவர் கையாலேயே செய்து காட்டினார். தரையில் உட்கார்ந்து, தன் காலையே யானைக்காலாக வைத்துக்கொண்டு, சாக்கை எங்கே சுற்ற வேண்டும், முடிச்சு ஏன் வெளிப்பக்கம் வர வேண்டும் என்றெல்லாம். அக்கறை இல்லாதவனுக்கு அந்த நுணுக்கம் நினைவில் நிற்காது.

பிறகு சங்கிலியை மேசைமேல் விரித்தேன். இந்த ஊர்க் காற்றின் ஈரத்தில் பழைய இரும்பு சும்மா இருக்காது. உதிர்கிற துருவை மென்மையான பித்தளைத் தூரிகையால் எடுத்து, மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுத்து, பெட்டியின் அடித்தட்டில் சிலிக்கா ஜெல் வைக்க வேண்டும். பளபளக்கத் தேய்த்துவிடக் கூடாது. தேய்மானம்தான் பொருளின் வரலாறு. பெரும்பாலான வளையங்கள் சீராகத்தான் இருந்தன. காலை ஒட்டி வரும் வளையமும் அதற்கு அடுத்ததும் மட்டும், ஒன்றோடொன்று உரசும் உள்பக்கத்தில் பாதியாகத் தேய்ந்திருந்தன. அந்த இடம் வழவழவென்று, விரல் பதிகிற பள்ளமாக இருந்தது. யானை இழுத்து நிற்பதால் மட்டும் இப்படித் தேயாது. எடையை இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாற்றி மாற்றி, தலையை ஆட்டிக்கொண்டே நின்றால்தான் தேயும். கோயில் வாசலில் அதைப் பார்த்துவிட்டு யானை மகிழ்ச்சியாக ஆடுகிறது என்று சொல்பவர்கள் இன்றைக்கும் உண்டு. சர்க்கஸ் யானைகளில் இதை அளந்திருக்கிறார்கள். சங்கிலியில் கட்டாமல் வேலியடைத்த பட்டியில் விட்டபோது அதே யானைகளின் ஆட்டம் குறைந்தது என்று 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொல்கிறது.

மணிக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். சர்க்கஸ் அரங்கின் வட்டம் 42 அடி விட்டம். 18ஆம் நூற்றாண்டு லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி குதிரைச் சவாரிக்காக வகுத்துக்கொண்ட அளவு. ஓடும் குதிரையின் முதுகில் நிற்பவன் உள்பக்கம் சாய்ந்து சமநிலை பிடிக்க அது வாகாக இருந்தது. யானைக்காக யாரும் அதை அளக்கவில்லை. சுற்றளவு சுமார் 40 மீட்டர். ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு மூன்று சுற்று வந்தால் 120 மீட்டர். யானைக்கான நேரம் ஒரு காட்சியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். இந்தியச் சர்க்கஸ் வழக்கப்படி நாளுக்கு மூன்று காட்சி என்றாலும் முக்கால் மணிக்குள் அடங்கும். குளிப்பாட்டுவது, கூடாரத்துக்குக் கூட்டிப்போய் வருவது எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று மணி நேரம் என்று வையுங்கள். மிச்சம் 20 மணி நேரத்துக்கு மேல் சங்கிலிதான்.

அங்குசம் வேலை செய்வது சில நொடிகள். முனை தள்ளும், கொக்கி இழுக்கும். காதின் பின்புறம், தாடைக்கு அடியில், முன்னங்காலின் பின்பக்கம் என்று தொடும் இடங்கள் உண்டு. யானை பணிந்ததும் அழுத்தத்தை எடுத்துவிட வேண்டும். எடுக்கத் தெரியாதவன் கையில்தான் ரத்தம் வரும் என்றார் அவர். அதை நான் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. பழக்கிய நாட்களில் பட்ட வலி நினைவில் இருப்பதால்தான் பிற்பாடு தொட்டாலே போதுமாகிறது. பின்னங்கால்களில் நிற்கப் பழக்கக் கயிறும் கப்பியும் போட்டுத் தூக்கிய காலமும் இருந்தது. அங்குசத்தை நல்லதாக்க இதைச் சொல்லவில்லை.

சங்கிலி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர் தரப்பில் பதில் தயாராக இருந்தது. 1994 ஆகஸ்டில் ஹொனலூலுவில் டைக் என்ற பெண் யானை காட்சி நடுவிலேயே பயிற்சியாளரைக் கொன்றுவிட்டுத் தெருவில் ஓடியது. போலீஸ் சுட்டுத்தான் வீழ்த்தியது. மதம் பிடிக்கும் என்பதால் ஆண் யானையைத் தவிர்த்துப் பெண் யானைகளையே வைத்திருந்தார்கள். பெண் யானையே அப்படி என்றால், பிள்ளைகுட்டிகளோடு ஜனம் உட்கார்ந்திருக்கும் துணிக் கூடாரத்துக்குப் பக்கத்தில் வேறு என்ன செய்ய முடியும் என்று அவர் கேட்டார். ஹொனலூலுவில் அது நடந்தது அரங்கத்துக்குள், யானை சங்கிலியில் இல்லாத அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில். அதை நான் சொல்லவில்லை. எண்பதை நெருங்குகிறவரிடம் வாதத்தில் ஜெயித்து என்ன ஆகப்போகிறது?

"சர்க்காரே யானையத் தடுக்கலையேம்மா" என்றும் சொன்னார். இந்திய அரசின் 1998 அறிவிப்பைத்தான் சொல்கிறார். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தை காட்டப் பழக்கக் கூடாது என்றது அது. 2001இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. யானை அந்தப் பட்டியலில் இல்லை என்பது உண்மை. கேரளத்துத் தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் தொடங்கிய பயிற்சிப் பள்ளியிலிருந்து கிளைத்த எத்தனையோ கம்பெனிகள் அதற்குப் பிறகும் யானையை நம்பித்தான் டிக்கெட் விற்றன. சிங்கப்பூரில் அந்த வாதம் எடுபடாது. 2002 முதல் பயணச் சர்க்கஸ்களில் காட்டு விலங்குகளை ஆட்டுவிக்க இங்கே அனுமதி இல்லை. அமெரிக்காவில் ரிங்லிங் சர்க்கஸ் யானைகளின் கடைசி ஆட்டத்தை 2016 மே மாதம் நடத்தியது. டென்மார்க் அரசு 2019இல் நாட்டின் கடைசி நான்கு சர்க்கஸ் யானைகளைப் பணம் கொடுத்தே வாங்கி ஓய்வு கொடுத்தது. யானையை விலைக்கு வாங்கி விடுவிக்கலாம் என்ற யோசனை அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. "எங்க முதலாளிகிட்ட யாரும் கேக்கலையே" என்று சிரித்தார்.

காட்சிக்கு வருகிறவர்களில் வயதானவர்கள் நியூ வோர்ல்டு, கிரேட் வோர்ல்டு, ஹேப்பி வோர்ல்டு என்று பொழுதுபோக்குப் பூங்காக்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வருவார்கள். அடுத்து எல்லாரும் கேட்பது புலி. 1902இல் பீச் ரோட்டுப் பக்கம் நடந்த விலங்குக் காட்சியிலிருந்து தப்பி, ராஃபிள்ஸ் ஹோட்டலின் பில்லியர்ட்ஸ் கூடத்துக்கு அடியில் பதுங்கிச் சுடப்பட்ட புலி. ஓடிய விலங்குக்குக் கதை கிடைத்துவிடுகிறது. நின்ற இடத்திலேயே நின்ற விலங்கைப் பற்றிச் சொல்ல ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அதனால்தான் சங்கிலிக்குக் குறிப்பு எழுதியே ஆக வேண்டும் என்று எனக்குப் பட்டது. தேய்ந்த வளையத்தை வெறும் 'யானைச் சங்கிலி, இரும்பு' என்று போட்டு வைப்பது வேலையைச் செய்யாமல் இருப்பதற்குச் சமம்.

இதை எழுதும்போதே மறுபக்கமும் உறுத்துகிறது. வைக்கச் சொன்னவர் அவர். என்ன எழுதப்போகிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை. இரவல் படிவத்தில் குறிப்பின் வாசகம் நிறுவனத்தின் பொறுப்பு என்று ஒரு வரி உண்டு, கையெழுத்தும் இருக்கிறது. படிவத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்வது என் வயதுக்கு அழகா என்று தெரியவில்லை. அவரிடம் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் சங்கிலியைச் சாக்கிலேயே சுற்றி எடுத்துப் போயிருப்பாரோ என்னவோ. போயிருந்தால் பெட்டியில் அங்குசம் மட்டும் இருந்திருக்கும். பார்ப்பவர்கள் அவர் பயந்த அதே முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள். அந்த வகையில் அவருக்கு நல்லதுதான் செய்திருக்கிறேன் என்று சில நாள் தோன்றும்.

குறிப்பு இப்படிப் போயிற்று: 'யானைகள் காட்சி நேரம் தவிர நாளில் சுமார் 20 மணி நேரம் இவ்வாறு கட்டப்பட்டிருந்தன. வலது ஓரம் உள்ள இரு வளையங்களின் தேய்மானம், யானை ஓயாமல் அசைந்துகொண்டு நின்றதைக் காட்டுகிறது. புண் வராமல் இருக்கப் பாகர்கள் தினமும் கால் மாற்றிக் கட்டினர். கணுக்காலில் சாக்கு அல்லது ரப்பர் சுற்றினர்.'

திறப்பு நாளில் மகள் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். பெரியவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு என்னிடம், "எழுதினது எல்லாம் நெசந்தான். கால் மாத்திக் கட்டுவோம்ங்கறத மட்டும் மேல போட்டிருக்கலாம்" என்றார். கோபம் இல்லை. அச்சுப்பிழை சொல்கிற தொனிதான்.

வரியை மேலே ஏற்றிப் பலகையைத் திரும்ப அச்சடிப்பது பெரிய வேலையும் இல்லை, பெரிய செலவும் இல்லை. மாற்றிய வாசகத்தை அடித்தும் வைத்திருக்கிறேன். 'பாகர்கள் தினமும் கால் மாற்றிக் கட்டினர்' என்று முதலில் வந்து, அதன் கீழே 20 மணி நேரமும் தேய்ந்த வளையமும் வரும்போது, இப்போது இருப்பதைவிட அது அவரைப் பலமாகக் குத்துகிறது. கீழே இருந்தால் அந்த வரி பழியைக் கொஞ்சம் ஆற்றுகிறது. மேலே போனால் தெரிந்தே செய்தார்கள் என்று ஆகிவிடுகிறது. இதை அவரிடம் விளக்கலாம். விளக்கினால் சங்கிலியைப் பற்றி நான் நினைப்பது முழுவதையும் சொல்ல வேண்டிவரும். ஜூன் விடுமுறையில் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் பலகையை மாற்றுவதா வேண்டாமா என்று அச்சகத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.