220 பாட்

பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில், பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்த பத்தாவது நிமிடத்தில் ஆயிரம் ரூபாயைத் தொலைத்தேன். யாரும் திருடவில்லை. நானே பொத்தானை அழுத்தித் தொலைத்து, அதற்கு ரசீதும் வாங்கிக்கொண்டேன்.

2024 டிசம்பர். கூட வந்தவர் என் அத்தை. மதுரையில் வளையல் கடை வைத்திருப்பவர்; முப்பது வருடமாக ஏலச்சீட்டு நடத்துபவர். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் காட்டி ஐந்து நூறு டாலர் நோட்டுகள் வாங்கி, மடிப்பு விழாமல் கந்த சஷ்டிக் கவசப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தார். நான் சிரித்தேன். “இந்தக் காலத்தில் யார் அத்தை நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்? கார்டு இருக்கிறது” என்றேன்.

அந்தக் கார்டைத்தான் வருகைக் கூடத்தில் இருந்த முதல் ஏ.டி.எம்.மில் செருகினேன். டாக்ஸிக்கும் காலை உணவுக்கும் போதும் என்று 2,000 பாட் கேட்டேன். பாட் என்பது தாய்லாந்துப் பணம். கட்டணம் 220 பாட், சம்மதமா என்று திரையில் ஒரு வரி வந்தது. சம்மதம். அடுத்து, உங்கள் கணக்கில் ரூபாயாகவே கழித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு, ஒரு பாட்டுக்கு 2.65 ரூபாய் என்று விலையும் காட்டியது. ரூபாய் என்றதும் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் இருந்தது, அதற்கும் சம்மதம்.

அன்றைய சந்தை விலை ஏறத்தாழ இரண்டரை ரூபாய். ஆக, 5,000 ரூபாய் மதிப்புள்ள பணத்துக்கு 2,220 பாட் கணக்கில் 5,883 ரூபாய் போனது. வெளிநாட்டில் பணம் எடுத்ததற்காக என் வங்கி தன் பங்குக்கு 125 ரூபாயும் அதன்மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் பிடித்தது. மொத்தம் 6,030 ரூபாய் 50 காசு.

அத்தை ரசீதை வாங்கி, அதன் பின்புறம் பேனாவால் கணக்குப் போட்டார். “அம்மாடி, இரண்டாயிரத்துக்கு இருநூற்று இருபது என்றால் நூற்றுக்குப் பதினொன்று. கந்து வட்டிக்காரன்கூட முன்னால் பிடித்துக்கொண்டு மீதியைக் கடனாகத்தான் தருகிறான். இது நம் பணம்தானே?”

பதில் இல்லை. பேச்சை மாற்றுவதற்காகக் காபி குடிக்கலாமா என்று கேட்டேன்.

ரயில் நிலையம் இருக்கும் கீழ்த்தளத்துக்கு இறங்கினோம். அங்கே நாணயம் மாற்றும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சூப்பர்ரிச் என்ற பெயரிலேயே பச்சைப் பலகையோடு ஒன்று, ஆரஞ்சுப் பலகையோடு ஒன்று. இரண்டும் வேறு வேறு நிறுவனங்கள். மேலே வங்கிக் கவுன்ட்டரில் எழுதிப் போட்டிருந்ததைவிட டாலருக்குச் சுமார் இரண்டு பாட் அதிகம். ஒரே கட்டடத்தில், நகரும் படிக்கட்டில் இறங்கும் தூரத்துக்கு, ஐந்நூறு டாலருக்கு ஆயிரம் பாட் வித்தியாசம்! அத்தை பாஸ்போர்ட்டையும் நோட்டுகளையும் நீட்டினார். கடையில் இருந்த பெண் ஒவ்வொரு நோட்டையும் விளக்கில் பிடித்துப் பார்த்தார். கிழிசல், பேனாக் கிறுக்கல் இருந்தால் வாங்க மறுப்பார்கள். நூறு டாலர் நோட்டுக்குக் கொடுக்கிற விலையைச் சில்லறை டாலருக்குக் கொடுப்பதில்லை. கவசப் புத்தகத்தின் மகிமை அப்போதுதான் புரிந்தது. எண்ணி வாங்கியது 17,000 பாட்டுக்குச் சற்று மேலே.

ரூபாய் நோட்டையும் அங்கே மாற்றலாம். ஒருவர் 25,000 ரூபாய் வரை எடுத்துச் செல்ல ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. ஆனால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி டாலரைவிட ரூபாய்க்கு அதிகம். ஆத்திர அவசரத்துக்கு ஆகும்.

அன்று இரவு அறையில் உட்கார்ந்து, எங்கே கோட்டைவிட்டேன் என்று நிதானமாகப் பார்த்தேன். ஏ.டி.எம். கட்டணம் என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதில் இரண்டு கைகள் இருக்கின்றன. ஒன்று நம் ஊர் வங்கியின் கை: எடுப்புக் கட்டணமும், பல கார்டுகளில் மாற்று விலைமீது மூன்றரை சதவீதம் வரையிலான கூடுதலும். இன்னொன்று இயந்திரத்தை வைத்திருக்கும் தாய்லாந்து வங்கியின் கை. அந்தக் கூடுதலைத்தான் மார்க்கப் என்கிறார்கள். ‘மார்க்கப் இல்லாத’ கார்டு, பாட் நிரப்பிய ஃபாரெக்ஸ் கார்டு என்று விளம்பரப்படுத்துகிறார்களே, அவை முதல் கையைத்தான் கட்டிப்போடும். எந்தக் கார்டைச் செருகினாலும் வெளிநாட்டுக் கார்டு என்றால் இரண்டாவது கையின் கட்டணம் போய்விடும். விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. சொல்லாததைப் பொய் என்றும் சொல்ல முடியாது. கிரெடிட் கார்டில் எடுத்தால் இன்னும் மோசம்: பணம் வெளியே வந்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

நான் கொடுத்த 220 சதவீதம் இல்லை, தலைக்கட்டு வரி மாதிரி. 2,000 எடுத்தாலும் அதேதான், 20,000 எடுத்தாலும் அதேதான். முதலாவதில் நூற்றுக்குப் பதினொன்று, இரண்டாவதில் ஒன்றே கால்கூட இல்லை. நான் டாக்ஸிக்கு மட்டும் போதும் என்று சிக்கனமாக எடுத்தேனே, அந்தச் சிக்கனம்தான் ஊதாரித்தனம்.

பாங்காக்கில் அதன் பிறகு இயந்திரத்தின் பக்கமே போகவில்லை. நீலத் தட மெட்ரோவில் கார்டைத் தட்டினாலே கதவு திறக்கிறது. பெரிய கடைகளிலும் கார்டு போதும். தெருவில் நடக்காது. தள்ளுவண்டிக்காரர்கள்கூட க்யூ.ஆர். அட்டை மாட்டியிருந்தார்கள், ஆனால் நம் யு.பி.ஐ.யைக் காட்டினால் சிரித்தார்கள். சீலோம் சாலையில் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய கோயில். தாய்லாந்துக்காரர்கள் வாட் கேக் என்கிறார்கள். வாசலில் மாலைத் தட்டு விற்ற பெண்மணியிடம் அத்தை தமிழிலேயே பேரம் பேசினார். அவர் தாய்லாந்து மொழியிலேயே மறுத்தார். நோட்டு கைமாறியதும் இருவருக்கும் திருப்தி.

ரயிலேறிச் சியாங் மாய் போன இரண்டாவது நாள் பணம் கரைந்துவிட்டது. காரணம் வாரோரோட் சந்தை. மணியும் பாசியும் கிலோக் கணக்கில் குவித்து வைத்திருக்கும் இடத்துக்கு வளையல் கடைக்காரரை அழைத்துப் போனது என் தவறு. மறுபடி ஏ.டி.எம். வாசலில் நின்றோம்.

இந்த முறை முதலில் கணக்கு. மீதி நான்கு நாளுக்கு என்ன வேண்டும்? நான் 8,000 என்றேன். “பத்தாக எடு. இன்னொரு தரம் இவனிடம் வந்து நிற்க வேண்டாம்” என்றார் அத்தை. 220 சம்மதமா என்றது திரை. வேறு வழியில்லை, சம்மதம். அடுத்து அதே கேள்வி: ‘வித் கன்வர்ஷன்’, ‘வித்தவுட் கன்வர்ஷன்’. இரண்டாவதை அழுத்தினால் பணமே வராதோ என்ற பயத்தில்தான் விமான நிலையத்தில் முதலாவதை அழுத்தியிருந்தேன். அப்படி ஒன்றும் ஆவதில்லை. மாற்ற வேண்டாம் என்று அழுத்தினாலும் பணம் வருகிறது. கணக்கு பாட்டிலேயே போய், நம் வங்கி தன் விலையில் ரூபாயாக மாற்றிக்கொள்கிறது. மூன்றரை சதவீதக் கூடுதல், அதன்மீது ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்தும் இயந்திரம் சொன்ன விலையைவிட அது மலிவாகத்தான் இருந்தது. கடைகளில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், சில இடங்களில் நம்மைக் கேட்காமலே ரூபாயை அழுத்திவிடுவார்கள். நான் இரண்டு முறை பில்லைத் திருப்பிக் கொடுத்து மாற்றி அடிக்கச் சொன்னேன்.

போகிறவர்களுக்கு இன்னொன்று. நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் அடைத்தே வைக்கப்பட்டிருக்கும். 2020இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. ஊரிலேயே வங்கியின் செயலியில் திறந்துவிட்டுப் புறப்படுங்கள். அங்கே போய் ஓ.டி.பி.க்காக ரோமிங் தேடுவது தனிச் செலவு.

திரும்பும்போது கையில் 640 பாட் மீந்தது. மாற்றினால் அதிலும் கழிவு என்று அத்தை ஒப்பவில்லை. காய்ந்த மாம்பழம் வாங்கினோம்.

போன வாரம் மதுரைக்குப் போயிருந்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் கவசப் புத்தகம். அதற்குள் அந்த முதல் ரசீது இருந்தது. அச்சு முழுக்க மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது. பின்புறம் அத்தை எழுதிய கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.