இங்கிலாந்துப் பாடசாலையில் எதற்கு யாரிடம் போவது?

ஊரில் பிள்ளைக்கு ஒன்றென்றால் நேரே அதிபரின் அறைக்குப் போய்ப் பழகியவர்கள் நாங்கள். இங்கே அப்படிப் போனால் அலுவலக மேசையிலேயே "வகுப்பு ஆசிரியரிடம் கதைத்தீர்களா?" என்று கேட்பார்கள். தட்டிக்கழிக்கிறார்கள் என்று கோபப்பட வேண்டாம். அதிபரிடம் எழுதிக் கொடுத்தாலும் கடிதம் கீழேதான் இறங்கும், ஒரு கிழமை வீணாகும்.

ஆரம்பப் பாடசாலை என்றால் முதலில் வகுப்பு ஆசிரியர். காலையில் வாசலில் பிடிக்காதீர்கள், முப்பது பிள்ளைகளை உள்ளே எடுக்கிற நேரம் அது. மின்னஞ்சல் போட்டுப் பத்து நிமிடம் கேளுங்கள். பெரிய பாடசாலையில் பாடத்தைப் பற்றியது பாடத் தலைவருக்கு, நடத்தை, நண்பர்கள், வரவு எல்லாம் 'ஹெட் ஒஃப் இயர்' என்கிற ஆண்டுப் பொறுப்பாளருக்கு. தமிழ் தெரிந்த உதவி ஆசிரியர் இருந்தால் மனசு அங்கேதான் போகும். ஆனால் அவர் கையில் எந்த முடிவும் இல்லை.

இரண்டு விஷயங்களுக்கு இந்த ஏணி தேவையில்லை. பிள்ளையின் பாதுகாப்பு என்றால் நேரே பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் போகலாம். கற்றல் குறைபாடு என்றால் 'சென்கோ' என்கிற விசேட தேவைப் பொறுப்பாளரிடம் போகலாம். ஈஎச்சிபி என்ற விசேட உதவித் திட்டத்துக்குப் பாடசாலை சம்மதிக்கும் வரை காத்திருப்பவர்கள் பலர். பெற்றோரே உள்ளூராட்சிக்கு எழுதலாம். மதிப்பீடு செய்வதா இல்லையா என்று ஆறு கிழமைக்குள் அவர்கள் பதில் தர வேண்டும்.

அதிபருக்கே உரிய அதிகாரம் இடைநிறுத்தமும் நீக்கமும். கடிதத்தில் பிரதி அதிபர் கையெழுத்து இருந்தால், முடிவெடுத்தது அதிபரா, அல்லது அன்று அவரே பதில் அதிபரா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்த முடிவு செல்லாது. ஒரு தவணையில் இடைநிறுத்தம் மொத்தம் 15 நாளைத் தாண்டினாலோ நிரந்தர நீக்கம் என்றாலோ, பாடசாலையை மேற்பார்க்கும் ஆளுநர் சபை 15 பாடசாலை நாளுக்குள் அதைப் பரிசீலிக்க வேண்டும்.

தவணை நடுவில் விடுமுறை தருவதும் அதிபர்தான், அதுவும் விதிவிலக்கான காரணத்துக்கு மட்டும். தை மாதக் கல்யாணத்துக்கு ஊருக்குப் போவது அதில் அடங்குமென்று நம்பி டிக்கெட் போடாதீர்கள். பத்துப் பாடசாலைக் கிழமைக்குள் அனுமதியில்லாத ஐந்து நாள் சேர்ந்தாலே அபராதப் பேச்சு வரும். முதல் தடவை 21 நாளுக்குள் கட்டினால் 80 பவுண், அதற்குப் பிறகு 160. இது ஒரு பிள்ளைக்கு ஒரு பெற்றோருக்கு. தாய் தகப்பன் இருவருக்கும், இரண்டு பிள்ளை என்றால் நான்கு கடிதம் வரும். அனுப்புவது உள்ளூராட்சி, ஆகவே அலுவலகப் பெண்ணோடு சண்டை பிடித்துப் பயனில்லை.

ஆளுநர் சபையில் தெரிந்த தமிழர் ஒருவர் இருந்தால் கோயிலில் கண்டு முறைப்பாட்டைச் சொல்லாதீர்கள். கடைசியில் அது முறைப்பாட்டை விசாரிக்கும் மூவர் குழுவின் முன் வரும்போது, ஏற்கெனவே கதை கேட்டவர் அதில் இருக்க முடியாது. உங்களுக்குச் சாதகமாக இருந்திருக்கக்கூடிய ஒருவரை நீங்களே வெளியே அனுப்பியதாகிவிடும்.