திரும்பிப் பார்க்கும் வேலை

கிரேன் கொக்கி, ஷாக்கிள், சிலிங், ஒயர் ரோப் என்று பாரம் தூக்கும் சாமான்களையெல்லாம் சோதித்து, தேறியதற்குச் சான்றிதழும் தேறாததற்குச் சிவப்பு டேகும் கொடுப்பது என் பிழைப்பு. இந்த வேலையில் சில வருடம் இருந்தாலே ஒரு வியாதி ஒட்டிக்கொள்ளும். எங்கே எது தொங்கினாலும் கண் தானாக மேலே போகும். விமான நிலையக் கூரையில் தொங்கும் விளக்காகட்டும், அருங்காட்சியகத்தில் கட்டித் தொங்கவிட்ட பழைய விமானமாகட்டும், முதலில் பார்ப்பது அது எதில் மாட்டியிருக்கிறது என்பதைத்தான்.

2024 ஜனவரியில் சிட்னி ஓபரா ஹவுஸில் 'ஆர்ஃபியஸும் யூரிடிசியும்' என்ற ஓபராவை, அதாவது பாட்டாலேயே நடக்கும் நாடகத்தை, பார்க்கப் போனபோதும் இதே கதைதான். கயிற்றில் ஒரு பெண் சுழன்று இறங்குகிறாள், அரங்கமே அவளைப் பார்க்கிறது. நான் கயிற்றின் மேல் முனையைத் தேடிக்கொண்டிருந்தேன். என்னை அழைத்துப் போன நண்பர் வயலின் வாசிப்பவர், மேற்கத்திய இசையில் ஊறியவர். "மேடை கீழே இருக்கு, கூரையையே பார்த்துக்கிட்டு இருக்கீங்களே" என்று காதோடு சொன்னார்.

குளூக் இசையமைத்த ஓபரா இது. 1762 அக்டோபர் 5 அன்று வியன்னாவில் முதலில் அரங்கேறியது. இதை பிரிஸ்பேனைச் சேர்ந்த சர்க்கா என்ற சர்க்கஸ் குழுவும் ஓபரா குயின்ஸ்லாந்து என்ற நிறுவனமும் சேர்ந்து 2019-ல் புதிதாக மேடையேற்றின. சிட்னிக்கு வந்தது அதுதான். இயக்கியவர் யாரோன் லிஃப்ஷிட்ஸ். சர்க்கஸ் என்றதும் யானையையும் கோமாளியையும் நினைக்க வேண்டாம். இந்த மாதிரி தற்கால சர்க்கஸில் மிருகங்கள் பெரும்பாலும் கிடையாது, வட்டக் கூடாரமும் கட்டாயமில்லை. மனித உடம்பும் இரண்டொரு கயிறும்தான் சாமான்.

அந்தக் கயிற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் கயிற்றில் சும்மா தொங்கினால் கயிற்றின் மேல் 60 கிலோதான். அவரே 1 மீட்டர் விழுந்து, 10 செண்டிமீட்டர் தூரத்துக்குள் சடாரென்று நின்றால், நிற்கும் அந்த நேரத்தில் கயிறு தாங்க வேண்டியது சராசரியாக 660 கிலோ. பதினோரு மடங்கு! சைட்டில் நாங்கள் 'ஜெர்க்' என்போம். கிரேன் ஓட்டுநர் லீவரை வெடுக்கென்று இழுத்தால் திட்டு விழுவது இதற்காகத்தான். இந்தக் கலைஞர்கள் வேண்டுமென்றே ஜெர்க்கை உண்டாக்குகிறார்கள், அதற்குக் கைதட்டலும் வாங்குகிறார்கள். உற்றுப் பார்த்தால் சூட்சுமம் தெரியும். உடம்பைச் சுற்றிக் கயிற்றை இரண்டு மூன்று சுற்றுப் போட்டிருக்கிறார்கள். விழும்போது கயிறு இடுப்பையும் தொடையையும் உரசிக்கொண்டே நழுவுவதால், நிற்கும் தூரம் நீள்கிறது, அடி குறைகிறது. மிச்சத்தைத் தோல் வாங்கிக்கொள்கிறது. கயிற்றில் இறங்குபவர்களின் முழங்காலுக்குப் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று அதற்குப் பிறகு யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் என்னை உண்மையில் பிடித்து உட்கார வைத்தது கதையின் நிபந்தனை. பாம்பு கடித்து இறந்த மனைவியை மீட்க ஆர்ஃபியஸ் பாதாளத்துக்குப் போகிறான். தெய்வங்கள் போட்ட நிபந்தனை இதுதான்: அழைத்துப் போகலாம், ஆனால் வெளியே வரும்வரை அவளைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. இந்த ஓபராவுக்கு வரிகள் எழுதிய கால்சபீஜி இன்னொரு முடிச்சும் போட்டிருக்கிறார்: ஏன் பார்க்கவில்லை என்ற காரணத்தை அவளிடம் சொல்லவும் கூடாது. பாவம், அவள் பின்னாலேயே வந்துகொண்டு, உனக்கு என் மேல் ஆசை போய்விட்டதா, இதற்காகவா என்னை எழுப்பினாய் என்று புலம்புகிறாள். இவன் வாயை மூடிக்கொண்டு நடக்கிறான். கடைசியில் பொறுக்க முடியாமல் திரும்பிப் பார்த்துவிடுகிறான், அவள் மறுபடி செத்துப் போகிறாள்.

என் தொழிலில் இது தலைகீழ். லோடு தரையை விட்டு ஒரு சாண் எழும்பியதும் நிறுத்தி, திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் மேலே தூக்கவே விடுவோம். காலையில் வேலை தொடங்கும் முன்னால் ஆட்களை நிற்கவைத்து டூல்பாக்ஸ் டாக் நடத்துவதும் எதை ஏன் செய்கிறோம் என்று சொல்லத்தான். காரணம் சொல்லாமல் உத்தரவு மட்டும் போட்டால் பாதி வழியில் எவனாவது சந்தேகப்பட்டுத் தலையை நீட்டுவான். ஆர்ஃபியஸ் திரும்பியதை அவனுடைய பலவீனம் என்பார்கள். என்னைக் கேட்டால் நிபந்தனை போட்டவர்கள் மேல்தான் குற்றம்.

இப்படி நான் தெய்வங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, மேடையில் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி மனிதக் கோபுரம் எழுந்தது. அடியில் நிற்பவர் மேலே பார்ப்பதில்லை. பார்த்தால் கழுத்து சாயும், கழுத்து சாய்ந்தால் தோள் சரியும். மேலே இருப்பவர் எந்தப் பக்கம் ஒரு அங்குலம் நகர்ந்தார் என்பதைத் தோளில் அழுத்தும் பாதங்களை வைத்தே தெரிந்துகொண்டு, தன் காலை மிக மெல்ல மாற்றி வைக்கிறார். ஆர்ஃபியஸிடம் கேட்டது இதைத்தானே! இவர்களால் முடிகிறது, அவனால் முடியவில்லை. வித்தியாசம் ஒத்திகை அறையில் இருக்கிறது. எத்தனை தடவை விழுந்து, பார்த்து, பேசிச் சரிசெய்திருப்பார்கள். அதற்கப்புறம்தான் பார்க்காமல் நிற்கிற தைரியம் வரும்.

பாடகர்கள் விஷயம் வேறு. பாரம் தூக்குகிறவன் தம் கட்டுவான். வயிற்றை இறுக்கி மூச்சைப் பூட்டினால்தான் முதுகு நிற்கும். பாடுகிறவர் அதே வயிற்றை வைத்துக்கொண்டு மூச்சைச் சீராக, ஒரே அளவில் வெளியே விட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரே தசைக்கு இரண்டு எதிரெதிர் வேலை. ஆர்ஃபியஸாகப் பாடியவர் யெஸ்டின் டேவிஸ் என்ற கவுண்டர்டெனர், ஆண் குரலிலேயே பெண் குரலின் உயரத்தில் பாடுபவர். உடம்புகள் பறந்து விழும் மேடையில் அவர் குரல் நடுங்கவில்லை என்பதை, இசை தெரியாத நானும் கவனித்தேன்.

ஒரே ஒரு குறை. மனைவியை இரண்டாம் தடவை இழந்தபின் வரும் 'கே ஃபாரோ' என்ற பாட்டு ஊரறிந்தது. ஒப்பாரி என்பதால் முகாரி போல ஏதோ எதிர்பார்த்திருந்தேன். அதுவோ சி மேஜரில், அதாவது நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் வெள்ளந்தியாகப் போகிறது. அழுகையைக் காட்டாமல் அழும் பாட்டு. அந்த மாதிரி நேரத்தில் ஒருவர் சும்மா நின்று பாடினாலே போதும், சுற்றி யார் அசைந்தாலும் எனக்கு இடைஞ்சல்தான். நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டு சொல்லாத வலியை உடம்பு சொல்ல வேண்டாமா என்றார். வெளியே படிக்கட்டில் இதற்காகவே வெகுநேரம் நின்று சண்டை போட்டோம்.

முடிவும் எனக்கு ஒட்டவில்லை. காதல் தெய்வம் வந்து யூரிடிசியை மறுபடி எழுப்பிக் கொடுத்துவிடுகிறது. "அரசவைக் கொண்டாட்டத்துக்குன்னு செஞ்சது, சாவுல எப்படி முடிப்பாங்க?" என்றார் நண்பர். சரி, வேலை கொடுத்தவர் கேட்டபடி முடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதில் நான் சிவப்பு டேக் கட்ட முடியாது.