446 மில்லி

போன செவ்வாய்க்கிழமை. பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குப் பாலத்தில் ஏறி, நெரிசலில் காடி ஊர்ந்துகொண்டிருந்தபோது தம்பி கூப்பிட்டான். எங்கள் குழுவில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது.

"அண்ணே, மூணாவது மெஷின் ஃபெயிலு. செவப்பு ஸ்டிக்கர் ஒட்டிடவா?"

"ஒட்டாத. வந்து பாக்குறேன். பசியாறிட்டியா?"

"இல்லண்ணே."

"மொதல்ல போய் பசியாறு."

நான் பார்ப்பது ஆஸ்பத்திரிகளில் வெண்டிலேட்டர் சோதிக்கும் வேலை. அம்மா சொந்தக்காரர்களிடம் "மூச்சு மெஷின் பாக்குறான்" என்பார். பாதிப் பேர் என்னை டாக்டர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கல்யாண வீட்டில் யார் போய் அதையெல்லாம் திருத்துவது?

வெண்டிலேட்டர் திரையில் 500 மில்லி என்று வந்தால், அது மெஷின் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. அதை அப்படியே எழுதிக்கொள்வதற்கு நாங்கள் தேவையில்லை. மெஷினின் டியூபுக்கும் டெஸ்ட் லங்குக்கும் (நோயாளியின் நுரையீரலுக்குப் பதிலாக மாட்டும் பை) நடுவில், காற்றை அளக்கும் கேஸ் ஃப்ளோ அனலைசரை மாட்டுவோம். முன்னால் ஒரு ஃபில்டர். தூசியோ ஈரமோ உள்ளே போனால் சென்சார் காலி. கொஞ்ச நேரம் சூடாகவிட்டு, ஸீரோ பண்ணி, பிறகு ஒவ்வொரு மூச்சையும் அளப்போம்: அளவு, அழுத்தம், பீப் (மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் மிச்சம் நிற்கும் அழுத்தம்), நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஆக்சிஜன் விழுக்காடு.

நான் போனபோது மெஷினில் 500 வைத்திருந்தது, அனலைசரில் 446. எங்கள் படிவத்தில் 10 விழுக்காடு வித்தியாசம் வரைதான் விடுவோம், அதாவது 450க்குக் கீழே போகக்கூடாது. நான்கு மில்லியில் ஃபெயில்.

தம்பி சும்மா இருக்கவில்லை. சர்க்யூட்டை, அதாவது மூச்சுக் குழாய்களை மாற்றியிருக்கிறான், டெஸ்ட் லங்கை மாற்றியிருக்கிறான், மூட்டு மூட்டாக விரலால் அழுத்திப் பார்த்திருக்கிறான். கசிவே இல்லை. அளவை இறக்கிப் பார்த்தேன். 400 வைத்தால் 357. 300 வைத்தால் 268. பீப் 5 வைத்தால் 5.1, அசையவில்லை.

அங்கேதான் பொறி தட்டியது. கசிவென்றால் அழுத்தம் ஏற ஏற இழப்பும் ஏறும். இப்படி எங்கே தொட்டாலும் 100க்கு 89 என்று சீராக வராது. அனலைசரின் செட்டிங்கைத் திறந்தேன். பிடிபிஎஸ் (உடல் சூட்டில், ஈரத்தோடு காற்று எவ்வளவு என்ற கணக்கு) இருக்க வேண்டிய இடத்தில் ஏடிபிடி (அறைச் சூட்டில், காய்ந்த காற்று எவ்வளவு என்ற கணக்கு). முதல் நாள் யாரோ ஆக்சிஜன் ஃப்ளோமீட்டர் பார்க்க மாற்றிவிட்டு, அப்படியே பெட்டியில் போட்டு மூடியிருக்கிறார்கள்.

தம்பியிடம் ஒரு பழைய படிவத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்த அறை 22 டிகிரி. குழாயில் போவது காய்ந்த காற்று. நுரையீரலுக்குள் போனதும் அது 37 டிகிரிக்குச் சூடாகும், ஈரமும் ஏறும். அந்த நீராவிக்கு மட்டும் 47 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். சூட்டால் ஒரு ஐந்து விழுக்காடு, ஈரத்தால் ஒரு ஆறரை, பெருக்கினால் 1.12. 446ஐ அதால் பெருக்கு. 500 வந்ததும் தம்பி பேனாவை வாங்கி இன்னொரு தடவை தானே பெருக்கிப் பார்த்தான். நோயாளியின் நெஞ்சுக்குள் 500 ஆக வேண்டும் என்பதற்காகத்தான் மெஷின் 446 அனுப்புகிறது. அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது. அனலைசரில் பிடிபிஎஸ் வைத்ததும் 499.

2020 மார்ச்சில், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பாலமே வெறிச்சோடிக் கிடந்தபோது, நானும் இவனைப் போலப் புதிது. அன்றைக்கு இந்த 446 என் கண்ணில் பட்டிருந்தால் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போயிருப்பேன். ஒரு கட்டிலுக்கு ஒரு மெஷின் கிடைக்காதா என்று எல்லாரும் அலைந்த நேரம் அது. நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

தம்பி மாஸ்கிங் டேப்பைக் கிழித்து, பெட்டி மூடியின் உள்பக்கம் 'பிடிபிஎஸ்?' என்று பெரிதாக எழுதி ஒட்டினான்.

ஐந்தாவது மெஷினில் ஆக்சிஜன் 100 வைத்தோம். அனலைசரில் 99, மெஷின் திரையில் 88. அளவுத்திருத்தம் செய்த பிறகும் அதே 88. மெஷினுக்குள் ஆக்சிஜனை அளக்கும் செல் தேய்ந்துபோயிருக்கிறது. தம்பி செட்டிங்கை ஒருமுறை திறந்து பார்த்தான், மூடினான், மறுபடி திறந்து பார்த்தான்.

"இது ஒட்டலாமாண்ணே?"

"ஒட்டு."