கண்மாயைச் சுற்றி ஒரு கோடு

ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்காக மதுரைக்குத் தென்கிழக்கே ஒரு கண்மாயை நானும் நண்பர்கள் மூவரும் எடுத்துக்கொண்டோம். 1987-லிருந்து நடக்கும் கணக்கெடுப்பு இது. வருஷா வருஷம் அதே இடத்தில் எண்ணினால்தான் பறவை கூடியதா குறைந்ததா என்று தெரியும். அந்த ‘அதே இடம்’ எது என்பதில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

முதல் வருஷம் எங்களிடம் இருந்தது ஒரு புள்ளி மட்டுமே. பறவைப் பதிவுகளை ஏற்றும் இணையதளமான இ-பேர்டில் ஹாட்ஸ்பாட் என்பது வரைபடத்தில் குத்திய ஒற்றைப் புள்ளிதான், எல்லை கிடையாது. இருவர் மடைப்பக்கம் கரையில் நின்றோம், இருவர் எதிரே, தண்ணீர் வந்து சேரும் உள்வாய்ப் பக்கம். முடிந்ததும் டீக்கடையில் தாள்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், நடுத்தண்ணீரில் கிடந்த ஒரே நாமக்கோழிக் கூட்டத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் எண்ணியிருக்கிறோம். கரைக்கு வெளியே வயலில் மேய்ந்த கொக்குகளை நான் விட்டிருந்தேன், அவர்கள் சேர்த்திருந்தார்கள்.

சரி, எல்லை போட்டுவிடுவோம் என்று வீட்டில் உட்கார்ந்தேன். பழைய தாளில் கண்மாயின் அட்சரேகை, தீர்க்கரேகை 9°54′, 78°09′ என்று இருந்தது. அதை அப்படியே 9.54, 78.09 என்று தட்டினேன். கண்மாய் அருப்புக்கோட்டைப் பக்கம் போய் விழுந்தது! 54 என்பது நிமிடம், அதை 60-ஆல் வகுத்து 9.90 என்று போட்டிருக்க வேண்டும். ஒரு டிகிரி கிட்டத்தட்ட 111 கிலோமீட்டர். என் தவறு 40 கிலோமீட்டர் தெற்கே தள்ளிவிட்டது. நல்லவேளை, அனுப்புவதற்குள் பார்த்துவிட்டேன்.

அடுத்து கூகுள் எர்த்தில் தண்ணீரின் விளிம்பையொட்டிக் கோடு இழுத்தேன். அழகாக வந்தது. ஆனால் அது கோடையில் எடுத்த படம். பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் கண்மாய் ஒரு அளவில் இருக்கிறது. எதை நம்பி வரைவது?

வழி சொன்னவர் அங்கே ஆடு மேய்க்கும் பெரியவர். “ஐயா, கண்மாய் நெறஞ்சா தண்ணி எதுவரைக்கும் நிக்கும்?” என்று கேட்டேன். “அந்தா ஒத்தப்பனை தெரியுதுல்ல தம்பி, அது காலைத்தான் நனைக்கும். அதுக்கு மேல ஏறாது, கலுங்கு வழியா மறுகால் போயிரும்.” இது ஏன் எனக்குத் தோன்றவில்லை! மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் கலுங்கின் மட்டத்துக்கு மேல் தண்ணீர் நிற்காது. அந்த மட்டம்தான் கண்மாயின் எல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்போனில் தடம் பதியவிட்டு, பெரியவர் காட்டிய அடையாளங்களைப் பிடித்து நடந்தோம். கரைமேல் சுலபம். உள்வாயில் சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்து ஏறியது. அடர்ந்த இடங்களில் தடம் அங்குமிங்கும் தாவியிருந்தது. அதையெல்லாம் வீட்டில் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்து நேராக்கினேன்.

குழுக்களைப் பிரிக்கும் நடுக்கோட்டில் ஒரு தவறு நடந்தது. கணினியில் சரிபாதியாக ஒரு கோடு போட்டேன். களத்தில் அது எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அழித்துவிட்டு, நடுமடையிலிருந்து ஒற்றைப்பனைக்குப் போட்டேன். இரண்டு பக்கமிருந்தும் இரண்டும் தெரியும். பாதி சரிபாதியாக இல்லை, பரவாயில்லை. பறவை கோட்டைத் தாண்டிப் பறந்தால், முதலில் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கத்துக் கணக்கு. வயல் கொக்குகள் சேராது. வரைபடக் கோப்பை வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பினேன்.

இந்த ஜனவரியில் தண்ணீர் பாதிக்குத்தான் இருந்தது. “கோட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துடலாமா?” என்று நண்பர் கேட்டார். வேண்டாம் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். காய்ந்த பகுதியையும் நடந்து பார்த்தோம். வாத்து ஒன்றும் இல்லை. பனைக்குக் கீழே வெடித்த மண்ணில் ஆள்காட்டிகள் இரண்டு எங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தன. எழுதிக்கொண்டோம்: ஆள்காட்டி, 2.