கன்னியக்கோயிலில் கண்ணீர்

கடலூரிலிருந்து பாண்டிக்கு தினமும் பஸ்ஸில் போய்வருகிற யாருக்கும் தெரியும், அந்த 22 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் கடப்பது நல்ல நாளில்தான், அரியாங்குப்பத்தில் வண்டி நின்றுவிட்டால் அப்புறம் நம் கையில் எதுவும் இல்லை. ஏழு வருஷமாக அந்த ஒரு மணி நேரத்தில்தான் கொரியாவையும் ஜப்பானையும் செல்போனில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் என் கணக்கெல்லாம் பஸ் கணக்கு. கொரிய டிராமா ஒரு எபிசோட் 70 நிமிஷம், மஞ்சக்குப்பத்தில் ஏறியதும் ஆரம்பித்தால் பாண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது கதாநாயகி இன்னும் மழையில் நின்றுகொண்டிருப்பாள், மீதி சாயந்திரம்தான். ஜப்பான் டிராமா 45 நிமிஷம், முருங்கப்பாக்கத்தோடு முடிந்துவிடும். ஜப்பான் டிவி என்ஹெச்கேயில் காலையில் போடுகிற தொடர் என்றால் 15 நிமிஷம், ரெட்டிச்சாவடி வருவதற்குள் ஒன்று.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஆபீஸில் பக்கத்து சீட் அக்கா. கொரியன் என்றால் அவருக்கு உயிர். போன வாரம் மத்தியான சாப்பாட்டில், "ஜப்பான்காரன் சீரியல்ல என்னம்மா இருக்கு, உப்பு சப்பில்லாம, பத்து எபிசோட் ஓடியும் ஒருத்தர் கைய ஒருத்தர் புடிக்க மாட்டேங்கறாங்க" என்றார். வாய் நிறைய வத்தக்குழம்பு சாதம், எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. சாயந்திரம் பஸ்ஸில் பதில் வந்தது, கொஞ்சம் நீளமாக.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் கொரியாவுக்கு எதிரி இல்லை. எங்கள் வீட்டுக்குக் கொரியப் பழக்கம் நெட்ஃப்ளிக்ஸில் வந்ததும் இல்லை. புதுயுகம் டிவியில் எல்லாரும் தமிழ் பேசிக்கொண்டு வந்த 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்'தான் ஆரம்பம். நான் அப்போது காலேஜ், ஆயா, அதாவது என் பாட்டி, உயிரோடு இருந்தாள். கதாநாயகன் லீ மின்-ஹோவின் சுருட்டை முடியைப் பார்த்துவிட்டு, "இவன் என்னாடி, கோழி கிளறுனாப்புல தலைய வெச்சிருக்கான்" என்றவள், நாலே நாளில் அவன் வரும் நேரத்துக்கு வெற்றிலைப் பெட்டியோடு டிவி முன்னால் உட்கார ஆரம்பித்துவிட்டாள். ரொம்ப நாள் கழித்துத்தான் அதே கதையை ஜப்பான் 2005-லேயே 'ஹனா யோரி டாங்கோ' என்று எடுத்திருந்ததும், அதற்கும் முன்னால் 2001-ல் தைவான் எடுத்திருந்ததும், எல்லாமே யோகோ காமியோ என்ற ஜப்பான் பெண் வரைந்த மங்காவிலிருந்து, அதாவது படக்கதையிலிருந்து, வந்தவை என்பதும் தெரிந்தது. கொரியா 2009-ல் 25 எபிசோட் எடுத்தது. ஜப்பான் முதல் பாகத்தை 9 எபிசோடில் முடித்து, 2007-ல் இரண்டாம் பாகத்துக்கு 11 எடுத்தது, இரண்டையும் கூட்டினாலும் கொரியாவை எட்டவில்லை. எனக்குப் பிடித்தது ஜப்பான்காரிதான். மாவோ இனோவே அந்தப் பணக்காரப் பையனை அடிக்கும்போது நிஜமாகவே கோபத்தில் அடிக்கிறாள், அடித்துவிட்டுப் பயப்படுவதும் நிஜமாக இருக்கிறது. ஆயாவிடம் கேட்டிருந்தால் 25-ம் போதாது என்றுதான் சொல்லியிருப்பாள்.

கொரியாக்காரர்கள் நம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுவார்கள், அதுதான் அவர்கள் பலம். அப்பாவுக்கு அங்கேயும் 'அப்பா'தான். 'ரிப்ளை 1988' முதல் எபிசோடில் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு அம்மாவும் பிள்ளை கையில் ஒரு பாத்திரத்தைக் கொடுத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்ப, போன பிள்ளை அந்த வீட்டிலிருந்து வேறொன்றைத் தூக்கிக்கொண்டு வர, சந்து முழுக்கப் பிள்ளைகள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே இருக்கும். சியோலில் சாங்முன்-தொங் என்ற இடம், ஆனால் எனக்கு மஞ்சக்குப்பம் வீடுதான் ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுத்தால் அம்மா தொலைத்துவிடுவாள், ஒன்றுமில்லை என்றால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவாள்.

2025-ல் வந்த 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' இன்னும் ஒரு படி மேலே. ஜேஜு தீவில், ஆண்கள் ஒரு மேசையில் நல்ல கறியோடு சாப்பிட, பெண்கள் தனியாக இன்னொரு மேசையில் மிச்சம் மீதியோடு. கதாநாயகன் குவான்-சிக் ஒன்றும் பேசமாட்டான், இருந்த இடத்திலேயே உடம்பைத் திருப்பி, பெண்டாட்டி பக்கம் பார்த்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பிப்பான், அவ்வளவுதான். அந்தக் காட்சி ஓடும்போது பஸ் கன்னியக்கோயிலில் நின்றது. எல்லை தாண்டிய உடனே சரக்கு வாங்க இறங்குகிற கூட்டம் முண்டியடித்துக்கொண்டிருக்க, நான் ஜன்னலோரம் உட்கார்ந்து துப்பட்டாவால் கண்ணைத் துடைக்கிறேன். கண்டக்டர் என்னையும் இறங்கிப்போகும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எவனோ ஒருத்தனுக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார் போல, பாவம், அன்றைக்குச் சில்லறை கேட்கவில்லை.

சரி, குறையும் சொல்லவேண்டும் இல்லையா. பதினாறு எபிசோட் என்றால் பதிமூன்றாவதில் பிரிந்தே தீரவேண்டும், காரணம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. பணக்காரப் பையனின் அம்மா கவரில் பணத்தை வைத்துத் தள்ளுவாள், இல்லை முகத்தில் தண்ணீர் ஊற்றுவாள். குறுக்குத் தெருவிலிருந்து ஒரு லாரி வரும், அந்த லாரிக்கு பிரேக்கே இருக்காது. நடுவில் எல்லாருமாக சப்வே கடையில் உட்கார்ந்து சாண்ட்விச்சை கேமரா பக்கம் காட்டிச் சாப்பிடுவார்கள். இருபது வயதில் இதெல்லாம் கண்ணில் படவில்லை, இப்போது பத்து செகண்ட் முன்னாலேயே லாரி சத்தம் காதில் கேட்கிறது.

ஜப்பான் டிராமா வேறு அளவு. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று மூன்று மாசத்துக்கு ஒருமுறை புதுத் தொடர்கள் ஆரம்பிக்கும், வாரத்துக்கு ஒரு எபிசோட், பத்து பதினொன்றில் முடிந்துவிடும். இழுக்க இடமே கிடையாது. அக்கா சொன்ன 'உப்பு சப்பில்லை'க்குப் பதில் வேண்டுமென்றால் 2013-ல் வந்த 'ஹன்ஸாவா நாவோகி'யைப் பார்க்கலாம். ஒரு பேங்க் ஊழியன் மேலதிகாரிகளை ஒவ்வொருவராகப் பழிவாங்கும் கதை. வெட்டு குத்து கிடையாது, லோன் ஃபைலும் கணக்குப் புத்தகமும்தான் ஆயுதம், ஆனால் கண்ணை உருட்டி உறுமுவதில் நம் மெகா சீரியல் மாமியார்கள் தோற்றுப்போவார்கள். அதன் கடைசி எபிசோடுக்கு டோக்கியோ வட்டாரத்தில் கிடைத்த ரேட்டிங் 42.2 சதவீதம். நான் கணக்கு எழுதுகிற ஆபீஸில் வேலை பார்ப்பதால் எனக்கு அது ரொம்பவே இனித்தது, ஏன் என்று விளக்கமாட்டேன். ஜப்பானிலும் குறை உண்டு, கடைசி எபிசோடில் யாராவது ஒருத்தர் எழுந்து நின்று பாடம் நடத்தாமல் விடமாட்டார்கள், அதை நான் ஓட்டிவிடுவேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த 2013-ன் இன்னொரு தொடரைப் பற்றி. 'அமா-சான்'. எங்கே பார்த்தேன் என்று கேட்காதீர்கள், சப்டைட்டிலோடு கிடைத்தது, பார்த்தேன். என்ஹெச்கேயின் காலைத் தொடர், ஏப்ரலில் ஆரம்பித்து செப்டம்பர் வரை 156 எபிசோட். டோக்கியோவில் வளர்ந்த அகி என்ற பெண், வடக்கே கடலோரத்தில் இருக்கும் அம்மாவின் ஊருக்கு வருகிறாள். பாட்டி நாட்சு, மூச்சை அடக்கி முங்கி ஊனி எடுக்கும் 'அமா'. ஊனி என்றால் கடலுக்கடியில் முள்ளு முள்ளாக உருண்டையாகக் கிடக்குமே, அது. பேத்தியும் முங்கக் கற்றுக்கொள்கிறாள். ஜேஜுவில் 'ஹேன்யோ', ஜப்பானில் 'அமா', இரண்டு பேரும் ஆக்ஸிஜன் இல்லாமல் இறங்குகிறவர்கள், மேலே வந்ததும் விசில் மாதிரி மூச்சு விடுவார்கள், அந்தச் சத்தத்துக்கு இரண்டு ஊரிலும் தனிப் பெயரே உண்டு. நம் பக்கம் ராமநாதபுரத்தில் பாசி எடுக்க முங்கும் பெண்களைத் தொடரில் யார் காட்டினார்கள்? அதை விடுங்கள். அந்த ஊர்க்காரர்கள் ஆச்சரியப்பட்டால் "ஜெ ஜெ ஜெ" என்பார்கள், அது அந்த வருஷம் ஜப்பான் முழுக்கப் பரவியது. 2013-ல் நம்மூரில் யாராவது மூன்று தடவை ஜெ என்றிருந்தால் வேறு கூட்டம் கூடியிருக்கும்.

முதலில் முழுக்கச் சிரிப்புதான். ஆனால் கதை நடப்பது 2008-லிருந்து, ஊர் இருப்பதோ ஜப்பானின் வடகிழக்குக் கடற்கரையில், அதனால் 2011 மார்ச் 11-ன் பூகம்பமும் சுனாமியும் வந்தே தீரும் என்று பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். கடைசி மாதத்தில் வந்தது. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன், அடுத்த நாள்தான் பார்த்தேன். அலையைக் காட்டவில்லை. அந்த ஊர்ச் சுற்றுலா அலுவலகத்தில் ஊரையும் ரயில் பாதையையும் பொம்மை மாதிரி செய்து வைத்திருப்பார்கள், முதல் எபிசோடுகளிலிருந்து பார்த்துப் பழகிய சாமான். அதன்மேல் கண்ணாடித் துண்டுகள் உடைந்து சிதறிக் கிடப்பதைக் காட்டினார்கள். அகியின் தோழி யுயி போய்க்கொண்டிருந்த ரயில் சுரங்கத்துக்குள் நின்றுபோகிறது, அவள் இறங்கிச் சுரங்கத்தின் வாய்வரை நடந்து வந்து வெளியே பார்க்கிறாள். கேமரா பெரும்பாலும் அவள் முகத்தைத்தான் காட்டியது.

2004 டிசம்பர் 26-ல் நான் ஆறாம் வகுப்பு, அரையாண்டு லீவு. தேவனாம்பட்டினத்திலிருந்து எங்கள் தெருவுக்குத் தினமும் மீன் கொண்டுவரும் அம்மா ஒருவர் இருந்தார், அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மாசக்கணக்கில் வரவில்லை. இருக்கிறாரா இல்லையா என்று கேட்கக்கூட வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை. ஒருநாள் காலையில் வாசலில் குரல் கேட்டது. ஆயா எழுந்து போய் ஒரு கை கொடுத்துக் கூடையை இறக்கினாள். "சங்கரா இருக்கு, நெத்திலி இருக்கு" என்றார் அந்த அம்மா. வேறு எதுவும் சொல்லவில்லை, ஆயாவும் கேட்கவில்லை. எப்போதும் பத்து ரூபாய்க்குப் பத்து நிமிஷம் சண்டை போடுகிற ஆயா அன்றைக்குப் பேரம் பேசவில்லை, சொன்ன விலையைக் கொடுத்தாள்.

யுயியின் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கூடைதான் ஞாபகம் வந்தது. கொரியாக்காரன் எடுத்திருந்தால் அலை வந்திருக்கும், பாட்டு வந்திருக்கும், நானும் அழுதிருப்பேன், குறை சொல்லமாட்டேன். 'அவர் ப்ளூஸ்' என்ற கொரியத் தொடரின் கடைசி எபிசோடில் அம்மா வைத்த தென்ஜாங் (சோயா விழுது) குழம்பின் முன்னால் லீ பியோங்-ஹன் அழும்போது நானும் அம்மாவும் ஆளுக்கொரு துண்டோடுதான் உட்கார்ந்திருந்தோம். (அந்தத் தொடரில் மீன்கடை வைத்திருக்கும் லீ ஜுங்-உன்னை மட்டும் அம்மா நடிகை என்று ஒப்புக்கொள்ளவே இல்லை, "இவ மீன் வெட்டித் தின்ன குடும்பந்தான்" என்று சாதித்தாள்.) ஆனால் கடலூரில் சுனாமி பார்த்த வீடுகளில் அதைப் பற்றிப் பேசுவது அப்படி இல்லை. அமா-சானில்தான் எங்கள் தெருவைப் பார்த்தேன். அந்தத் தொடரில் கொஞ்ச நாளிலேயே ரயிலைத் திரும்ப ஓடவிடுகிறார்கள். நிஜத்திலும் அப்படித்தான், அந்தக் கடற்கரையில் ஓடும் சான்ரிக்கு ரயில்வேயின் ஒரு சின்னப் பகுதி மார்ச் 16-லேயே ஓட ஆரம்பித்தது.

இதையெல்லாம் மறுநாள் அக்காவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "எத்தன எபிசோடு?" என்றார். 156 என்றதும் டிபன் பாக்ஸை மூடிவிட்டார். "என்னம்மா, மெகா சீரியலா?" ஒன்று 15 நிமிஷம்தான், மொத்தம் 39 மணி நேரம், போக வர பஸ்ஸில் பார்த்தால் எனக்கு 20 வேலை நாள் என்று கால்குலேட்டரில் போட்டுக் காட்டினேன். அவர் வீடு பாண்டிக்குப் பக்கத்தில் வில்லியனூர். போக வர ஒரு மணி நேரம்தான் கிடைக்கும், ரெண்டு மாசம் ஆகும் என்று அவரே கணக்குப் போட்டுக்கொண்டு, "முதல் பத்து எபிசோட மட்டும் அனுப்பு, பாக்கறேன்" என்றார்.